குடைப் படம் ஓடிய மழைக்காலம்

கந்தப்பளையில் அப்போது சிறுபிள்ளைகளாக இருந்தவர்கள் இன்னும் சிலராவது மிச்சம் இருக்கிறோம். உங்களைத்தான் கேட்கிறேன். குடைப் படம் ஞாபகம் இருக்கிறதா? சுவரொட்டியில் அதற்கு நல்ல நீளமான பெயர் ஒன்று இருந்தது. நம் ஊரில் ஒருவர்கூட அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. "குடைப் படம் பாத்தாச்சா?" என்பதுதான் பேச்சு. பெயர் எனக்கும் மறந்துவிட்டது. படம் மட்டும் இருக்கிறது. கறுப்பு வெள்ளையில், ஓரமெல்லாம் கரைந்துபோய், மூடுபனிக்குள் நின்று யாரோ குடை சுழற்றுவது மாதிரி.

விடியும் நேரத்து அரைத் தூக்கத்தில் சில நாள் அந்தப் பாட்டு வரும். பாட்டோடு பாண் ரொட்டி வேகிற வாசமும் வரும். எது முதலில் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. கண்ணைத் திறந்தால் இரண்டும் போய்விடும்.

எங்கள் வீடு பஜாரில், எங்கள் பேக்கரிக்குப் பின்னால் ஒட்டினாற்போல் இருந்தது. பாண் வேகவைக்கிற போறணை அடுப்பின் பின்சுவர்தான் நான் படுக்கிற அறையின் சுவர். வெளியே பனி கொட்டுகிறபோதும் அந்தச் சுவர் பசுமாட்டு வயிறு மாதிரி வெதுவெதுப்பாக இருக்கும். முதுகை அதில் ஒட்டவைத்துக்கொண்டு தூங்குவேன். எனக்குப் பக்கத்தில் மாமா மகள் படுத்திருப்பாள். அவளுக்குத் தனிப் படுக்கை அடுத்த அறையில் உண்டு. ஆனால் அந்த அறைக்கு வெதுவெதுப்பான சுவர் கிடையாது.

மாமா என்றால் கூடப்பிறந்த மாமா இல்லை. அப்பாவின் கூட்டாளி. பேக்கரி அவர்கள் இருவருக்கும் பொது. அப்பா தேயிலைத் தோட்டத்துக் கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். கொழுந்து பறித்த பெற்றோருக்குப் பிள்ளையாகப் பிறந்து, துரை பங்களாக் குசினியில் எடுபிடியாக நின்று, அங்கே பாண் போடக் கற்றுக்கொண்டவர். ஆள் பெரிய உருவம். புருவத்தில்கூட மாவு ஒட்டியிருக்கும். பேச்சு குறைவு. மாமா திருச்சிப் பக்கத்திலிருந்து இளவட்டமாக இலங்கைக்கு வந்தவர். குச்சி மாதிரி இருப்பார். அந்த உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய குரல் எப்படி வருகிறது என்று எல்லாருக்கும் ஆச்சரியம். கடையில் நின்று அவர் "பாண், பணிஸ்!" என்று ராகம் போட்டால், மலைக்கு மேல் லயத்தில் இருப்பவர்கள் பிள்ளைகளைக் கீழே அனுப்புவார்கள். போறணை அறைக்குள் மாமா வேலை செய்ததில்லை. கடை முன்பக்கத்துக்கு அப்பா வந்ததில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு சாக்குத் திரை. அந்தத் திரை வழியாகப் பாண் வரும், பாட்டு போகும். நான் பிறந்த நாளிலிருந்து அப்படித்தான்.

அம்மா மாரியம்மன் கோயிலுக்குப் போவார். அத்தை, அதாவது மாமாவின் மனைவி, மாதா கோயிலுக்குப் போவார். ஆனால் இருவருக்கும் ஒரே அடுப்பு, ஒரே அம்மி. கிறிஸ்மசுக்கு அம்மா முறுக்குச் சுடுவார், தைப்பொங்கலுக்கு அத்தை கேக் அடிப்பார். எங்களுக்கு வருஷத்தில் இரண்டு பண்டிகையும் இரண்டிரண்டு தடவை வந்த மாதிரி இருக்கும்.

மழை பிடித்த மாதம் ஒன்றில், ஒரு காலையில், போறணை அறையிலிருந்து அப்பாவின் சத்தம் கேட்டது. அப்பா சத்தம் போட்டு நாங்கள் கேட்டதே இல்லை. பள்ளிக்கூடத்துக்குச் சடை பின்னிக்கொண்டிருந்த நாங்கள் அப்படியே ஓடினோம்.

"போறவனுக்கு இங்க என்ன வேலை? உள்ள வராத!"

தட்டு ஒன்று பறந்து வந்து விழுந்தது. அப்போதுதான் இறக்கிய இனிப்புப் பணிசு ரொட்டிகள் தரை முழுக்க உருண்டன. ஒன்று மாமா மகளின் காலடிவரை வந்து நின்றது.  மாமா சட்டையில் ஒட்டிய மாவைத் தட்டிக்கொண்டு, சாக்குத் திரையை விலக்கி, கடைக்குப் போனார். அன்றைக்கு அவர் பாடவில்லை.

சாயங்காலத்துக்குள் பஜார் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பணிசில் சீனி கூடிவிட்டதாம், அதற்குத்தான் சண்டையாம். தட்டு பறந்ததைப் பார்த்தவர் யாரோ சொல்லியிருக்க வேண்டும். "சீனி கூடினா நல்லதுதானே, அதுக்கா சண்டை?" என்று சிலர். "இது ரொம்ப நாளாப் புகைஞ்சது" என்று சிலர். நாங்களும் அதையே நம்பினோம். வேறு எதை நம்புவது? வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அத்தை தனி அடுப்பு மூட்டினார். அம்மா தடுக்கவில்லை. மாமா மகளை அவளுடைய அறையிலேயே படுக்கச் சொல்லிவிட்டார்கள். வெதுவெதுப்பான சுவர் முழுக்க எனக்கே எனக்கு என்று ஆனது. எனக்கு அது பிடிக்கவில்லை.

வியாபாரம் மட்டும் நிற்கவில்லை. ஊர் சாப்பிட வேண்டுமே. ஆனால் இருவரும் பேசிக்கொள்வதில்லை. சாக்குத் திரைக்கு அந்தப் பக்கம் அப்பா, இந்தப் பக்கம் மாமா, நடுவில் நாங்கள்.

"உங்கப்பாகிட்டச் சொல்லு, பாண் ஒரு பக்கம் கருகியிருக்கு, வாங்குறவங்க மூஞ்சியப் பாக்குறாங்கனு" என்பார் மாமா என்னிடம்.

அப்பாவுக்கு அது நன்றாகவே கேட்டிருக்கும். இருந்தாலும் நான் போய்ச் சொல்லும்வரை காத்திருப்பார். பிறகு மாமா மகளைப் பார்த்து, "உங்கப்பாவுக்குச் சொல்லு, கருகின பக்கத்த அடியில வச்சு அடுக்கத் தெரியாதவன் கடையில எதுக்கு நிக்கிறான்னு" என்பார்.

மாமா மகள் திரையைத் தாண்டி வந்து, "அப்பா, மாமா மன்னிச்சுக்கச் சொன்னாரு" என்பாள்.

மாமா சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பி நிற்பார். அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. கொஞ்ச நாளில் நானும் கற்றுக்கொண்டேன். கோபமாகப் போன சொல் எதுவும் கோபமாகப் போய்ச் சேராதபடி பார்த்துக்கொண்டோம். கேட்டுக்கொண்டே இருந்த இருவரும் ஒரு நாளும் எங்களைத் திருத்தவில்லை. இதை நான் கவனித்ததே ரொம்பப் பிந்தித்தான்.

அந்த நேரத்தில்தான் ஊருக்குப் படம் வந்தது.

மரக்கறிச் சந்தைக்குப் பக்கத்துத் திடலில் தகரக் கொட்டகை போட்டார்களே, நினைவிருக்கும். முன்னால் தரை, பின்னால் பெஞ்சு. கூரையில் மழை விழுந்தால் வசனம் ஒன்றும் கேட்காது. முதல் வாரம் அதனால் சனம் படக்காரரோடு சண்டை பிடித்தது. அடுத்த வாரம் சண்டையே இல்லை. மழை வலுக்கும்போது, படம் பார்த்தவர்களே வசனத்தைச் சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். திரையில் வாய் அசையும், கொட்டகை பேசும். கூரை ஒழுகும் இடங்களில் இருந்தவர்கள் குடை விரித்துக்கொண்டு குடைப் படம் பார்த்தார்கள். பின்னால் இருப்பவர்கள், "ஏய், குடைய மடக்கு!" என்று கத்துவார்கள். நனைந்த கம்பளி வாசம், சந்தையிலிருந்து லீக்ஸ் தாளின் வெங்காய வாசம், பீடிப் புகை. அந்தப் புகைக்குள் நீலமாக ஓடுகிற வெளிச்சம்.

கதை இதுதான். பட்டணத்தில் ஒரு குடைக்கடை. இரண்டு முதலாளிகள். குண்டு முதலாளிக்குப் பாட்டு, ஒல்லி முதலாளிக்குக் கணக்கு. ஏதோ ஒன்றுமில்லாத விஷயத்துக்கு முறைத்துக்கொண்டு கடையைப் பிரித்துவிடுவார்கள். பிரிக்கிறபோது பிடிவாதத்தில் கம்பியெல்லாம் ஒருவருக்கு, துணியெல்லாம் மற்றவருக்கு என்று ஆகிவிடும். வாங்க வருகிறவன் இங்கே கம்பியை வாங்கிக்கொண்டு, எதிரே போய்த் துணியை வாங்கிக்கொண்டு, மழையில் நின்று முழிப்பான். ஒருவரின் மகனும் மற்றவரின் மகளும் விரும்புவார்கள், அது எல்லாப் படத்திலும் உள்ளதுதான். ஆனால் அந்தப் பாட்டு! இரண்டு முதலாளிகளும் ரோட்டின் இரண்டு பக்கமும் நின்று பாடுவார்கள். ஒருவர் கையில் துணியில்லாத குடை, மற்றவர் தலையில் கம்பியில்லாத துணி.

கம்பி எனக்கு, துணி உனக்கு,
மழை வந்தா மட்டும் யாருக்கு?

ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டில் குண்டு அப்பா, பாடுகிறவர் மாமா. படத்தோடு பொருந்தவில்லை. ஆனாலும் ஊர் பொருத்திப் பார்த்துக்கொண்டது. பாண் வாங்க வருகிற பிள்ளைகள் கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் நின்று பாடினார்கள்:

மாவு எனக்கு, நெருப்பு உனக்கு,
பாண் கருகினா யாருக்கு?

நீங்களும் பாடியிருப்பீர்கள். மறுக்க வேண்டாம். நன்றாகத்தான் இருந்தது. மாமா முகத்தை இறுக்கிக்கொண்டு பாணைக் கடதாசியில் சுற்றிக் கொடுப்பார். திரைக்கு அந்தப் பக்கம் அப்பா விறகை இழுத்துப் போடுகிற சத்தம் பலமாகக் கேட்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா கோயிலுக்கு என்று சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அத்தை பூசைக்கு என்று சொல்லி மாமா மகளோடு கிளம்பினார். திடலுக்குத் திரும்புகிற மூலையில் நால்வரும் எதிரெதிரே சந்தித்தோம். அம்மா அத்தையைப் பார்த்தார். அத்தை அம்மாவைப் பார்த்தார்.

"என்ன மதினி, மாதா கோயில் இந்தப் பக்கமா வந்துருச்சா?" என்றார் அம்மா.

"மாரியம்மாவும் இங்கதானே இறங்கியிருக்கா" என்றார் அத்தை.

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பகல் காட்சியில் நால்வரும் ஒரே பெஞ்சில் இருந்தோம். அம்மா கொண்டுவந்த கச்சான் கடலையை அத்தையின் முந்தானையில் கொட்டி நால்வரும் எடுத்துத் தின்றோம். படத்தில் குண்டு முதலாளி துணியைத் தலையில் போட்டுக்கொண்டு தூணில் முட்டுகிற இடத்தில் கொட்டகையே அதிர்ந்தது. நான் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துத் திரும்பினேன். அத்தையின் முகம் முழுக்கத் தண்ணீர். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அம்மா அவர் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தை?"

"ஒண்ணுமில்ல கண்ணு. சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துருச்சு."

நான் நம்பினேன். எனக்கும் அப்படித்தானே வந்திருந்தது.

அன்றைக்கு அப்பாவுக்குச் சோறு போட்டபோது அம்மா தன்னை அறியாமல் அந்தப் பாட்டை முனகிவிட்டார். அப்பா ஒரு வாய் சோற்றைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். "கோயில்ல புதுப் பாட்டா?" என்றார். 

படம் ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்த படம் வரவில்லை, மண் சரிந்து ரோடு அடைபட்டிருக்கிறது என்றார்கள். பஜார்க்காரர்களுக்கும் வேலை குறைவு. அவர்கள் கூடி ஒரு யோசனை செய்தார்கள். மருந்துக்கடை ஐயாதான் தலைமை. அவர் ஊரில் எந்தச் சண்டையையும் தீர்த்துவைக்காமல் விட்டதில்லை. தீர்த்த பிறகு அது இன்னும் பெரிதான கதைகளும் உண்டு. படம் தூக்குவதற்கு முந்தின மாலைக் காட்சிக்கு இரண்டு கூட்டாளிகளையும் அழைத்து, ஒரே பெஞ்சில் உட்கார வைப்பது. கடைசி ரீலில் இரண்டு முதலாளிகளும் கட்டிப்பிடிப்பார்கள். அதைப் பார்த்தால் கல்லும் கரையும். இவர்களும் கரைவார்கள். இவ்வளவுதான் திட்டம்.

அப்பா வரமாட்டார் என்று நினைத்தேன். மருந்துக்கடை ஐயா நேரில் வந்து கூப்பிட்டதால் மறுக்க முடியவில்லை. புருவத்து மாவைக் கழுவி, கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். மாமா முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் நடுவே ஒரு ஆள் உட்காருகிற இடம் இருந்தது. அதில் யாரும் உட்காரவில்லை. நாங்கள் அம்மாக்களோடு அதற்குப் பின் வரிசையில்.

அவ்வளவு கூட்டத்தை அந்தக் கொட்டகை பார்த்திருக்காது. மேல் தோட்டத்து லயங்களிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். ஆனால் யார் படம் பார்த்தார்கள்? எல்லாருடைய கண்ணும் எங்கள் பெஞ்சில்தான். அப்பா படத்தைப் பார்த்தார். அவர் அதுவரை சினிமாவே பார்த்ததில்லை. குடைப் பாட்டு வந்ததும் முன்னால் இருந்த பையன்கள் மாவுப் பாட்டைப் பாடினார்கள். அப்பாவின் முதுகு அசையவில்லை. மாமாவின் முதுகு கொஞ்சம் குனிந்தது.

கடைசி ரீல் தொடங்குகிற நேரத்தில் படம் அறுந்தது. அது வழக்கமாக அறுகிற இடம்தான். விளக்கைப் போட்டார்கள். மருந்துக்கடை ஐயா எழுந்தார். இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி தொண்டையைச் செருமினார்.

"அடுத்தது என்ன நடக்கும்னு உங்க எல்லாருக்கும் தெரியும். படத்துல நடக்குறதுக்கு முன்னாடி அது நம்ம ஊர்ல நடக்கணும். ரெண்டு பேரும் கையக் குடுங்க! ஒரு பிடி சீனிக்காக இவ்வளவு கால நட்ப விடலாமா?"

சனம் கைதட்டியது. "கையக் குடுங்க! கையக் குடுங்க!" என்று ஆரம்பித்தார்கள். அப்பா எழுந்தார். போகத்தான் எழுந்தார் என்பது அவர் கோட்டை இழுத்துவிட்டதிலேயே தெரிந்தது. அதற்குள் மாமாவும் எழுந்துவிட்டார். அந்தக் குரலை அவர் பாடுவதற்குத்தான் உயர்த்திக் கேட்டிருக்கிறோம். அன்றைக்கு உயர்த்தவில்லை. ஆனாலும் கொட்டகை முழுக்கக் கேட்டது.

"எங்க மச்சான் மேல தப்பு இல்லைங்க. சீனியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாங்க இந்தியாவுக்குப் போறோம். இலங்கைப் பிரஜா உரிமை கேட்ட எங்க மனுவத் தள்ளிட்டாங்க. மறுபடி கேட்டுப் பாக்கலாம், வக்கீல் வைப்போம்னு மச்சான் சொன்னாரு. எனக்குத் தெம்பு இல்லைங்க. எத்தன வருஷம் அலையிறது? போறேன்னு நானே முடிவு பண்ணிட்டேன். அவரக் கேக்காம பண்ணிட்டேன். அந்தக் கோவந்தான். பணிசுல சீனி கூடினதுக்கு யாராச்சும் இவ்வளவு கோவிச்சுக்குவாங்களா?"

கைதட்டல் எப்போது நின்றது என்று தெரியவில்லை. கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. அந்தக் கொட்டகையில் இருந்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் அதே பேச்சு நடந்துகொண்டிருந்தது என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். தள்ளப்பட்டவர்கள், பதிலுக்குக் காத்திருந்தவர்கள், போவதா இருப்பதா என்று பெண்சாதியோடு சண்டை பிடித்துக்கொண்டு வந்தவர்கள். அவர்களெல்லாம் தரையைப் பார்த்தார்கள். மருந்துக்கடை ஐயா மெதுவாக உட்கார்ந்தார்.

படக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் விளக்கை அணைத்துப் படத்தை ஓட்டிவிட்டார். குண்டு முதலாளியும் ஒல்லி முதலாளியும் மழையில் ஓடிவந்து கட்டிப்பிடித்தார்கள். ஒருவரும் கைதட்டவில்லை. வசனத்தையும் யாரும் சொல்லவில்லை. மழைச் சத்தத்தில் அவர்கள் வாய் மட்டும் அசைந்தது.

அப்பா நின்றபடியே இருந்தார். பின்னாலிருந்து யாரும் உட்காரச் சொல்லவில்லை. பிறகு அவரே உட்கார்ந்தார், நடுவே இருந்த அந்தக் காலி இடத்தில்.

"அங்க பாண் திம்பாங்களா?" என்று கேட்டார்.

அத்தனை வாரத்துக்குப் பிறகு மாமாவிடம் அவர் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

மாமா மூக்கை உறிஞ்சினார். "காய்ச்சக்காரங்கதான் திம்பாங்க மச்சான். டாக்டர் சொன்னாத்தான் வாங்குவாங்க."

"அப்ப காய்ச்ச வர்ற ஊராப் பாத்துப் போ."

எங்கள் வரிசையில் அம்மா முதலில் சிரித்தார். பிறகு அத்தை. அப்புறம் சுற்றியிருந்தவர்கள். திரையில் படம் முடிந்து வெள்ளை வெளிச்சம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது மாமா மகள் என் காதில் கேட்டாள். "எங்க அம்மா, ஊருக்குப் போகணும் ஊருக்குப் போகணும்னு அழுதுகிட்டே இருந்தாங்க. நாம ஊர்லதானே இருக்கோம்?"

 அவளுக்கு இந்தியாவில் என்ன ஊர் என்பதுகூட அப்போது தெரியாது. அன்றைக்கு அவள் என் பக்கத்தில் படுக்க வந்தாள். யாரும் தடுக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் ஒரு அதிசயம் நடந்தது. மாமா சட்டையைக் கழற்றிவிட்டுப் போறணை அறைக்குள் போனார். அப்பா கடை முன்பக்கத்துக்கு வந்து நின்றார். மாமாவுக்குப் பாண் போடக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். அங்கே போய் என்ன செய்து பிழைப்பான்? பாட்டுப் பாடினால் சோறு போடுவார்களா? அவர்கள் கிளம்புவதற்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. அதற்குள் ஆளைத் தேற்றிவிட வேண்டும்.

மாமாவுக்கு வரவே இல்லை. மாவு கையில் ஒட்டிக்கொண்டு முழங்கைவரை போகும். போறணையைத் திறக்க வேண்டிய நேரத்தில் பாடிக்கொண்டிருப்பார். அந்த மாதங்களில் கந்தப்பளை தின்ற பாணை நினைத்தால் இன்றைக்கும் பல் கூசும். வெளியே கரி, உள்ளே பச்சை மாவு. ஒரு நாள் பணிஸ் ஒன்று கண்ணாடி அலுமாரியிலிருந்து விழுந்தது. தரையில் தட்டிய சத்தத்துக்கு எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அப்பா கல்லாவில் நின்று யார் முகத்தையும் பார்க்காமல் எல்லாவற்றையும் விற்றார். ஆனால் ஒருவர்கூடத் திருப்பிக் கொடுக்கவில்லை. பையன்களின் பாட்டும் நின்றுபோனது. மரக்கறி லொறிக்கார சிங்கள முதலாளி தினமும் வருவார். கருகின பாணைப் பிய்த்து வாயில் போட்டு, வெகுநேரம் மென்று, "ஹொந்தாய், ரொம்ப ஹொந்தாய்" என்று நல்லாயிருக்கிறதாகத் தலையாட்டிவிட்டு இன்னொன்றும் வாங்கிப் போவார். மருந்துக்கடை ஐயா வீட்டுக்கு இரண்டு மடங்கு போனது. அவருக்குத் தீர்த்துவைக்க வேறு வழி தெரிந்திருக்காது.

திரைக்குப் பின்னால் பேச்சு ஓயாமல் கேட்கும்.

"ஈஸ்ட் அங்க கெடைக்காட்டி என்ன பண்ணுவ?"

"நீதான் சொல்லணும்."

"கள்ளு ஊத்திப் பிசை. நல்லாப் பொங்கும்."

"மச்சான், அங்க மதுவிலக்கு. கள்ளு வாங்கப் போனா உள்ள தூக்கிப் போட்டுருவான்."

"அப்ப ஜெயில்ல போய்ப் பாண் போடு. அங்கயாவது திம்பானுங்க."

அப்பா அவ்வளவு பேசுவார் என்று யாருக்குத் தெரியும்? எங்களுக்குச் செய்தி கொண்டுபோகிற வேலை போய்விட்டது. சாக்குத் திரையைக்கூட யாரோ அவிழ்த்துப் போட்டுவிட்டார்கள். நாங்கள் இருவரும் பனியில் திடலுக்குப் போய், கொட்டகை இருந்த இடத்தில் கம்பம் நட்ட குழிகளில் தேங்கிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அவள் குடைப் பாட்டை முழுக்கப் பாடுவாள். அவள் அப்பாவின் குரல் அவளுக்கு.

கிளம்புகிற வாரத்தில் ஒரு நாள் மாமா ஒரு பாணைப் போறணையிலிருந்து எடுத்தார். நல்ல நிறம். அப்பா அதைக் கையில் வாங்கி, அடியில் விரலால் தட்டிக் காதில் வைத்துக் கேட்டார். பிய்த்து ஒரு துண்டைத் தின்றார். பின்வாசல் வழியாக வெளியே போய், மழையில் நின்றுகொண்டிருந்தார். "நல்லாயில்லையா மச்சான்?" என்று மாமா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

அவர்களை ரயில் ஏற்ற நானுஓயாவுக்கு மரக்கறி லொறியில் போனோம். முதலாளி வாடகை பேசவே விடவில்லை. ஸ்டேஷனில் பனி தண்டவாளத்தின் மேலேயே படுத்திருந்தது. அத்தையும் அம்மாவும் ஒருவர் முந்தானையை ஒருவர் சரிசெய்துகொண்டே இருந்தார்கள். மாமா மகள் காலில் புதுச் சப்பாத்து. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். ரயில் வந்ததும் ஓடிப்போய் ஜன்னல் ஓரத்தைப் பிடித்தாள். எனக்குக் கைகாட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. இஞ்சினைப் பார்ப்பதற்காக அந்தப் பக்கமே எட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அதுதான் முதல் ரயில். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

அப்பா பெட்டிகளை உள்ளே ஏற்றிவைக்கப் போனார். மேலே அடுக்கினார். கயிற்றை இறுக்கினார். மாமா பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். விசில் ஊதியது. அம்மா, "இறங்குங்க, இறங்குங்க!" என்று ஜன்னலைத் தட்டினார். ரயில் நகர்ந்தது. அப்பா இறங்கவில்லை. அவருடைய பெரிய முதுகு ஜன்னலுக்கு ஜன்னல் தெரிந்து, பிறகு பனிக்குள் போனது.

அம்மா அழவும் இல்லை, பதறவும் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "வா, போவோம்" என்றார்.

அப்பா மறுநாள் சாயங்காலம் வந்தார். கோட்டெல்லாம் கசங்கியிருந்தது. கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். அம்மா தேத்தண்ணீர் கொடுத்தார்.

"எதுவரைக்கும் போனீங்க?"

"பொல்காவலை வரைக்கும். அங்கதான் இந்தியக் கப்பலுக்குப் போற தலைமன்னார் ரயிலுக்கு மாறணும். ஏத்திவிட்டுட்டு வந்தேன்."

"அவ்வளவு தூரமும் என்ன பேசுனீங்க?"

அப்பா தேத்தண்ணீரை ஊதினார்.

"ஒண்ணும் பேசல. ரயில் கெளம்பின உடனே என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டான். நல்ல தூக்கம். எழுப்ப மனசு வரல."